பந்தல் செலவு நமக்கு, மொய் அவர்களுக்கு

2024 மார்ச்சில் நம் மலேசிய அரசாங்கம் 2026 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்த முடியாது என்று கைவிரித்தபோது சுங்கை சிப்புட் டவுனில் எனக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேருக்கு மேல் கோபம். "நூறு மில்லியன் பவுண்ட் தர்றேன்னு வீடு தேடி வர்றான், வாங்கிப் போடத் தெரியல பாருங்கண்ணே" என்று தே தாரிக் கடையில் ஒரே சத்தம். எனக்கு அது சரியான முடிவாகத்தான் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது. கிளாஸ்கோவில் வருகிற ஜூலை 23 போட்டி தொடங்கப்போகிறது என்றதும் அதே பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிப்பதற்கு இங்கேயே எழுதி வைத்துவிடலாம்.

நூறு மில்லியன் பவுண்ட் என்றால் அப்போதைய கணக்கில் 600 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) பக்கம். பெரிய தொகைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது ஏன் நம் வாசலுக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் ஒத்துக்கொண்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். தலைநகர் மெல்பர்னில் மட்டும் வைக்காமல் ஜீலோங், பெண்டிகோ, பல்லாரட் மாதிரி வெளியூர்களில் பிரித்து நடத்துகிறோம், 2.6 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்று 2022-இல் ஆசையாக ஆரம்பித்தார்கள். 2023 ஜூலையில் அந்த மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இது 7 பில்லியன் வரைக்கும் போகும் போலிருக்கிறது, ஆளை விடுங்கள் என்று ரத்து செய்துவிட்டார். ரத்து செய்ததற்கே நஷ்டஈடு 380 மில்லியன் டாலர். அதற்கு முன் ஆன செலவையும் சேர்த்து மொத்தம் 589 மில்லியன் போயிற்று என்று மாநிலத் தணிக்கையாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். ஒருவர்கூட ஓடவில்லை, ஒரு பதக்கம்கூடக் கழுத்தில் ஏறவில்லை, காசு மட்டும் போய்விட்டது.

அப்புறம் கோல்ட் கோஸ்ட் நகரம் எட்டிப் பார்த்து விலகியது. நம்மைக் கேட்டார்கள், நாம் முடியாது என்றோம். சிங்கப்பூரும் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றது. காசில் கெட்டியான சிங்கப்பூரே ஒதுங்கிய இடத்தில், இரண்டே வருட அவகாசத்தில், 600 மில்லியனை வாங்கிக்கொண்டு மிச்சத்தை எங்கிருந்து போடுவது? இரும்புக் கடையில் வருடக்கணக்காகக் கணக்கு எழுதுகிறவன் நான். முன்பணம் கொடுக்கிறவன் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் கொடுப்பான். மீதிக் கணக்கு வரும்போதுதான் முகம் தெரியும்.

"98-இல நடத்தலையா?" என்பார்கள். நடத்தினோம், நன்றாகவே நடத்தினோம், எனக்கும் அதில் பெருமை உண்டு. செப்டம்பர் 11 முதல் 21 வரை, ஆசியாவிலேயே முதல் காமன்வெல்த் போட்டி. மலேசியாவுக்கு 10 தங்கம். நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கியபோது தோட்டத்து ஜனங்கள் ஏதோ தங்கள் வீட்டுப் பிள்ளை மேடை ஏறியதுபோல் பேசிக்கொண்டார்கள். முதல் முறையாகக் கிரிக்கெட்டைச் சேர்த்ததும் அப்போதுதான். டெண்டுல்கரும் கும்ப்ளேயும் கேஎல்லுக்கு, அதாவது கோலாலம்பூருக்கு, வந்து ஆடினார்கள், சில ஆட்டங்கள் நடந்தது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்து மைதானத்தில். பால்மரத்துக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு அப்படி, எங்கே போனாலும் விடாது.

ஆனால் அந்த மாதம் நாடு எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். வெள்ளி மதிப்பு விழுந்து, செப்டம்பர் 2-ஆம் தேதி ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். அதே நாள் துணைப் பிரதமர் பதவி நீக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த வருடம் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பஞ்சம், ஜனங்கள் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். கேஎல்லில் தொழிற்சாலை வேலை போய் ஊர் திரும்பிய பையன்களை நாங்கள் இங்கே பஸ் நிலையத்தில் பார்த்தோம். இத்தனைக்கும் நடுவில் வாணவேடிக்கை. போட்டியை நடத்த ஒப்புக்கொண்டது செழிப்பான காலத்தில், பில் வந்தது நெருக்கடியில். ஏழெட்டு வருடம் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே கையெழுத்துப் போட வேண்டிய சரக்கு இது.

98 போட்டிக்கு ஸ்டேடியம் கட்டிய புக்கிட் ஜாலிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு தோட்டம். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், அவர்களுக்கு அது கச்சேரி நடக்கிற இடம், மால் உள்ள இடம். 1980-இல் அந்தத் தோட்டத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, வேலை செய்தவர்கள் லயத்திலேயே தங்கினார்கள். பிறகு ஒரு பக்கம் 85,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம், ஒரு பக்கம் கோல்ஃப் மைதானம், ஒரு பக்கம் தொழில்நுட்பப் பூங்கா, சுற்றிலும் கொண்டோ. கடைசியாக மிஞ்சிய சில டஜன் குடும்பங்கள் 2010-க்குப் பிறகும் பலகை வீட்டில் இருந்துகொண்டு, அடுக்குமாடி வீடு வேண்டாம், பரம்பரையாக உழைத்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள நாலு ஏக்கர் கொடுங்கள் என்று கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அங்கே தமிழ்ப் பள்ளியின் பெயரில் மட்டும் 'தோட்டம்' இருக்கிறது. ஸ்டேடியம் ஒன்றுக்காகத்தான் அவ்வளவும் நடந்தது என்று சொல்ல முடியாது, ஒரு நகரம் வளர்கிற வழியில் எப்படியும் விழுங்கியிருக்கும். ஆனால் போட்டிச் செலவு என்று யார் கணக்குப் போட்டாலும் அந்த நாலு ஏக்கர் அதில் ஒரு வரியாகக்கூட வராது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அதே நேரம், அந்த ஸ்டேடியம் வீணாகப் போகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2017 சீ விளையாட்டு (தென்கிழக்காசியப் போட்டி) அங்கேதான், நம் தேசியக் கால்பந்து அணி ஹரிமாவ் மலாயாவின் ஆட்டங்கள் அங்கேதான். பக்கத்து உள்ளரங்கத்துக்குத்தான் பிறகு அக்ஸியாத்தா அரேனா என்று பெயர் வைத்தார்கள். ஸ்ரீ பெட்டாலிங் போகிற எல்ஆர்டி ரயில் பாதையே 98 போட்டியை ஒட்டி வந்ததுதான், இன்றைக்கும் ஜனங்கள் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். உலகத்தில் எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரேசில்காரர்கள் 2014 உலகக் கோப்பைக்காக அமேசான் காட்டு நடுவில் மனாவுஸ் நகரத்தில் 40,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் கட்டினார்கள், அதில் உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது நாலே நாலு. கனடாவின் மாண்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக் கடனை 2006 வரைக்கும் கட்டியது. முப்பது வருடம், அதுவும் சிகரெட் வரியில். ஒலிம்பிக் பார்த்த பையன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கும்போதும் அந்த ஸ்டேடியத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சரி, வருமானம் வருமே என்பார்கள். வரும், யாருக்கு என்பதுதான் விஷயம். உங்கள் வீட்டு வாசலில் பந்தல், உங்கள் செலவில் சாப்பாடு, வாழைமரம், மேளம், வந்தவர்களைக் கவனிக்க உங்கள் சொந்தக்காரர்கள். ஆனால் மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவது வேறு ஆள், சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் சுவிட்சர்லாந்து போய்விடுவார். உலகக் கோப்பை ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. தொலைக்காட்சி உரிமை, விளம்பரதாரர் பணம், டிக்கெட் பணம் எல்லாம் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவுக்கு. போலீஸ், போக்குவரத்து, பாதுகாப்பு, ஊர்த் திடலில் ரசிகர் விழா, இதெல்லாம் நகராட்சித் தலையில். ஃபிஃபா 2019 முதல் 2022 வரை நாலு வருடத்தில் எடுத்த வருமானம் 7.5 பில்லியன் டாலர். இந்த முறை, 2026 உலகக் கோப்பைக்கு, டொராண்டோ நகரம் ஆறே ஆறு ஆட்டத்துக்கு 380 மில்லியன் கனடா டாலர் செலவு என்று கணக்குச் சொல்கிறது, அதாவது ஒரு ஆட்டத்துக்கு 60 மில்லியனுக்கு மேல். சிக்காகோ 2018-லேயே ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, வரி கட்டுகிறவர்களை இப்படி மாட்டிவிட முடியாது என்று எழுந்துபோய்விட்டது. அந்த ஊரில் நல்ல கணக்குப்பிள்ளை யாரோ இருக்கிறார்.

நடத்துகிற கதை இது என்றால் போய்ப் பார்க்கிற கதை வேறு. என் அக்கா மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், அர்ஜெண்டினா பைத்தியம். போன டிசம்பரில் லீவுக்கு வந்தவன், "மாமா, நான் அமெரிக்கா போறேன், உலகக் கோப்பை பார்க்க" என்றான். அக்கா என்னை முறைத்தாள், நான்தான் சின்ன வயதில் அவனைத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கெடுத்தவனாம். சரிடா, கணக்குப் போடலாம் என்று கடையில் உட்கார்ந்தோம். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு டாலருக்கு நாலு வெள்ளி என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வரி விசா. மலேசியர்களுக்கு அமெரிக்கா போக விசா வேண்டும், கட்டணம் 185 டாலர், 740 வெள்ளி. நேர்காணலில் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. இரண்டாவது வரி விமானம். இங்கிருந்து நேராகப் போகிற விமானம் கிடையாது, எங்கேயாவது இறங்கி மாற வேண்டும், ஜூன் மாதத்துக்குத் தட்டிப் பார்த்தபோது ஐயாயிரம் வெள்ளிக்குக் கீழே எதுவும் கண்ணில் படவில்லை. மூன்றாவது வரிதான் டிக்கெட். அந்த வரியில் அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். 2018-இல் போட்டியைக் கேட்டு வாங்கும்போது 21 டாலரிலிருந்து டிக்கெட் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர்கள், விற்பனைக்கு வந்தபோது 60 டாலரில் ஆரம்பித்து 6,730 டாலர் வரைக்கும் போனார்கள், அதுவும் கிராக்கிக்குத் தகுந்தபடி ஏறும் விலை. டிசம்பரில் ரசிகர் சங்கங்கள் கத்திய கத்தலில், எல்லா ஆட்டத்துக்கும், இறுதி ஆட்டத்துக்கும்கூட, 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கினார்கள். ஆனால் அது ஆடுகிற நாடுகளின் ரசிகர்களுக்கு, அந்தந்த நாட்டுச் சங்கத்தின் வழியாக. 48 நாடு ஆடுகிற உலகக் கோப்பையிலும் நாம் இல்லையே, நமக்கு எந்தச் சங்கம் கொடுக்கும்?

அந்தச் சங்க ஒதுக்கீட்டில் இறுதி ஆட்டத்துக்குச் சாதாரண டிக்கெட் எவ்வளவு என்று பார்த்தோம். மிகக் குறைந்ததே 4,185 டாலர். 16,740 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஒருவர் பத்து மாதம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்காமல் சேர்த்தால் தொண்ணூறு நிமிட ஆட்டம் பார்க்கலாம், உட்காருவது மேலே ஒரு மூலையில். கிடைக்காதவர்கள் ஃபிஃபாவின் மறுவிற்பனைச் சந்தையில் வாங்கலாம், அங்கே வாங்குகிறவரிடம் 15 சதவீதம், விற்கிறவரிடம் 15 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் தரகு. நிலத் தரகர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள்.

விடுதி, உள்ளூர்ப் பயணம், சாப்பாடு எல்லாம் எழுதவே இல்லை, தாளில் இடம் இருந்தது, மனதில்தான் இல்லை. கத்தாரில் 2022-இல் எட்டு மைதானமும் ஒரே ஊரைச் சுற்றி இருந்தன, டிக்கெட் உள்ளவர்களுக்கு மெட்ரோ இலவசம். இந்த முறை மூன்று நாடு, 16 நகரம், ஒரு அணியின் பின்னால் போனால் ஆட்டத்துக்கு ஆட்டம் விமானம் ஏற வேண்டும். கத்தார் அந்த வசதிக்கு என்ன கொடுத்தது என்றும் சொல்லிவிட வேண்டும், மொத்தக் கட்டுமானத்துக்கு 200 பில்லியன் டாலருக்கு மேல் என்றுதான் உலகம் முழுக்க எழுதினார்கள். அதைக் கட்டினவர்கள் நேப்பாளி, பங்களாதேஷி, நம் தமிழ்நாட்டுக்காரர்கள். கடலைத் தாண்டிப் போய் வெயிலில் அடுத்தவனுக்கு உழைப்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குப் புதுக் கதை இல்லை.

ஊரில் உட்கார்ந்து பார்ப்பதும் இலவசம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. நான் வழக்கமாகப் பசியாறுகிற கடைக்காரர் ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் பெரிய திரை கட்டுகிறவர். கடையில் போடுவதற்கு வீட்டுச் சந்தா செல்லாது, வணிகச் சந்தா தனி, விலையும் தனி. அதோடு புரொஜெக்டர் வாடகை, விடிய விடியக் கடை திறந்தால் ரொட்டி போடுகிறவருக்கு ஓவர்டைம். வருகிறவர்கள் ஒரு தே ஓ ஐஸ் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நாற்காலியை விட மாட்டார்கள். "ஆட்டம் ஓடுற நேரத்துல யாரும் சாப்பிட மாட்டாங்க தம்பி, பாதி நேர இடைவேளைல மட்டும்தான் கல்லா ஓடும்" என்றார். அதிலும் இந்த முறை நேரம் நமக்குத் தலைகீழ். இறுதி ஆட்டம் ஜூலை 20, திங்கள்கிழமை விடியற்காலை 3 மணி. அதை முடித்துக்கொண்டு நேரே தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிறவன் வேலை பார்த்த மாதிரிதான். இந்த முறை திரை கட்டலாமா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. விக்டோரியா மாநிலத்தைவிட நிதானமாக யோசிக்கிறார்.

செப்பாங் பந்தயப் பாதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். 1999 முதல் 2017 வரை எஃப்1 கார் பந்தயம் இங்கே ஓடியது, கடைசியில் வருடத்துக்கு 300 மில்லியன் வெள்ளி ஆகிறது, கூட்டமும் குறைகிறது என்று அரசாங்கமே நிறுத்திக்கொண்டது. பாதையை இடிக்கவில்லை, மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்னும் அங்கேதான் ஓடுகிறது. நம் பையன்களுக்கும் மோட்டார்தானே உயிர். நல்ல முடிவு.

நான் விளையாட்டை வெறுக்கிறவன் இல்லை, போட்டியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருப்பதை வைத்து நடத்து என்கிறேன், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் 1984-இல் பழைய மைதானங்களை வைத்தே ஒலிம்பிக் நடத்தி 200 மில்லியன் டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது. போட்டிக்கு வேறு ஊரே இல்லாததால் பேரம் பேச முடிந்தது அவர்களால். கிளாஸ்கோவும் இப்போது பத்தே விளையாட்டு, நாலே இடம், எல்லாம் ஏற்கெனவே கட்டியது என்று சுருக்கிக்கொண்டது. நமக்கு நீட்டிய அளவுக்கு நூறு மில்லியன் பவுண்ட் விக்டோரியா கட்டிய நஷ்டஈட்டிலிருந்து அவர்களுக்குப் போயிருக்கிறது. 2027 சீ விளையாட்டு நம் நாட்டில், அதற்கும் இதே வழிதான் சரி. புதிதாக எதையாவது கட்டுகிறோம் என்று கிளம்பினால் எந்த நிலத்தில் என்று முதலில் கேட்க வேண்டும்.

அக்கா மகனிடம் மாற்று யோசனை ஒன்று சொன்னேன். மலேசிய பொது பூப்பந்துப் போட்டி வருடா வருடம் ஜனவரியில் புக்கிட் ஜாலிலில் நடக்கிறது. இங்கே டவுனிலேயே இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், மஸ்ஜிட் ஜாமேக்கில் மாறினால் அரங்கத்துக்கு நடக்கிற தூரம், போகவர ரயிலுக்கு நூறு வெள்ளி சுற்றி வரும். நம் எம். தீனா அங்கே ஆடுவாள், போன வருடம் பாரிஸில் பெர்லி தானோடு சேர்ந்து உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவள், அவளை நேரில் பார்க்க விசா வேண்டாம். "அது சரி மாமா, ஆனா மெஸ்ஸி பேட்மிண்டன் ஆட மாட்டாரே" என்றான்.

டிக்கெட் குலுக்கலில் பெயர் கொடுத்துவைத்திருக்கிறான். முதல் 15 நாளிலேயே 150 மில்லியன் விண்ணப்பம் வந்ததாக ஃபிஃபா சொல்கிறது. விழுந்துவிட்டால் கார்டிலிருந்து பணத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், உன்னைக் கேட்கக்கூட மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியாமல் எச்சரித்தேன். அந்தக் கணக்கில் எவ்வளவுடா இருக்கிறது என்றேன், சிரித்தான். விழுந்தால் விசா கட்டணம் 740 வெள்ளியை நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், 150 மில்லியன் விண்ணப்பம் இருக்கிறது என்ற தைரியத்தில்.